தகரம் அடித்த கேட்

என் நாய்க்குப் பெயர் வக்கீல். எதற்கெடுத்தாலும் எதிர்த்துக் குரல் கொடுப்பான் என்பதால் நான் வைத்த பெயர். சாம்பல் நிறம். ஒரு காது நிற்கும், ஒரு காது மடங்கும். திருச்சுழி ரோட்டில் லோடு லாரி அடித்துப் போட்ட தாய் நாயின் பக்கத்தில் கண் திறக்காமல் கிடந்தவனை, என் மனைவி முருகலட்சுமி இறந்த நாற்பதாம் நாள் சட்டைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நாலு வருஷமாக இந்த வீட்டில் என் பேச்சுக்கு இருக்கிற ஒரே ஆள் அவன்தான். பிள்ளை குட்டி எனக்கு இல்லை. இதை இரக்கத்துக்காகச் சொல்லவில்லை. இரக்கப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

யாரைப் பார்த்தாலும் எனக்குக் கோபம்தான் வரும் என்பாள் என் தங்கச்சி காளீஸ்வரி. அவளைக் கட்டிக்கொடுத்தது மல்லாங்கிணற்றில். அவள் வீட்டுக்காரர் நாகராஜ் அங்கே உரக்கடை வைத்திருக்கிறார். நல்ல மனுசன், ஆனால் நடக்கும்போது கீழே பார்க்க மாட்டார். போன வருஷம் பங்குனிப் பொங்கலுக்கு வந்தவர், வக்கீல் தின்றுகொண்டிருந்த தட்டைக் காலால் இடறிவிட்டார். அவன் அவருடைய கெண்டைக்காலைப் பிடித்துவிட்டான். ரத்தம் வந்து வேட்டியெல்லாம் நனைந்தது. அந்த நேரத்தில் நான் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

"திங்கிற தட்ட மிதிச்சா நானா இருந்தாலும் கடிப்பேன்" என்றேன்.

பொங்கலுக்கு வந்திருந்த சனமெல்லாம் சிரித்துவிட்டது. நாகராஜ் சிரிக்கவில்லை. அவர் ஊசி போட்டுக்கொள்ள நாலு தடவை ஆஸ்பத்திரிக்கு நடந்தார், நான் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. "அப்ப நீ ஒன் நாயவே வச்சுக்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போன காளீஸ்வரி, ஒரு வருஷத்துக்கு மேல் என்னோடு பேசவில்லை. நானும் போன் போடவில்லை. அவளே போடட்டும் என்று இருந்தேன், அவளும் அப்படியேதான் இருந்திருப்பாள்.

இந்தச் சித்திரை பிறந்ததும் சோலைச்சாமி ஒரு சேதி கொண்டுவந்தான். அவன் நாகராஜ் கடையில் உரம் வாங்குகிறவன்.

"அண்ணே, பிரவீணாவுக்குக் கல்யாணம் கூடிருச்சு. வைகாசியில முகூர்த்தம், அருப்புக்கோட்டை மண்டபத்துல. சித்திரைக்குள்ள ஒங்களுக்குப் பாக்கு வைக்க வருவாகளாம்."

"யார் சொன்னா?"

"ஒங்க தங்கச்சிதான். என்னைக்குன்னு சொல்லல."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெயில் என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டேன். எங்கள் வகையறாவில் கல்யாணப் பத்திரிகை குலசாமிக்கு வைத்த கையோடு அடுத்த தட்டு தாய்மாமனுக்குத்தான். வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழத்தோடு வாசலுக்கு வருவார்கள். மாமன்காரன் வெளியே வந்து "வாங்க" என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்ட பிறகுதான் படி ஏறுவார்கள். தட்டை வாங்கியவன்தான் கல்யாணத்தன்று பெண்ணுக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிப்போவான். போனில் சொல்வதெல்லாம் கணக்கில் சேராது. பிரவீணாவை மடியில் வைத்துக் காது குத்தியவன் நான். அன்றைக்கு அழுதுகொண்டே என் சட்டைப் பித்தானைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டாள். அந்தக் கையை இன்னொரு தடவை பிடிக்க வேண்டும், எனக்கு வேறு ஆசை இல்லை.

ஆனால் நாகராஜ் என் வாசலில் கால் வைக்க வேண்டுமானால் வக்கீல் ஓர் எல்லைக்குள் நிற்க வேண்டும். அவனைச் சங்கிலியில் கட்டிப் பார்த்திருக்கிறேன். வேப்பமரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து கழுத்து இறுகி நாக்கு தள்ளிவிட்டான். அதற்குப் பிறகு சங்கிலியைக் கிணற்றில் வீசிவிட்டேன். யாருக்காவது கொடுத்துவிடு என்று ஊரில் சொன்னார்கள். சொன்னவர்களின் பெயரெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அதுவரைக்கும் என் வீட்டுக்குக் கேட் என்று ஒன்று கிடையாது. இடுப்பளவு சுவரும், சீமைக்கருவேல முள்ளைக் கட்டிச் செய்த படலும்தான். ஆடு நுழையாது, அது போதும் என்று இருந்தோம். வக்கீலுக்கு அந்தப் படல் ஒரு பொருட்டே இல்லை. அடியில் மண்ணைப் பறித்துக்கொண்டு போய்விடுவான். ஒரு தடவை கண்ணுக்கு ஒரு நூல் தள்ளி முள் ஏறியிருந்தது. அதைப் பிடுங்கும்போது அவன் கத்தவில்லை, நான்தான் கத்தினேன்.

முதலில் பழைய இரும்புக் கடையில் ஒரு கேட் வாங்கி மாட்டினேன். மேலே வரிசையாக வேல் வைத்த கேட். பார்க்கக் கம்பீரமாக இருந்தது. சுவரையும் அதே உயரத்துக்கு எடுத்துக் கட்டினேன். மூன்றாம் நாள் ரோட்டில் ஆட்டு மந்தை போக, வக்கீல் தாவினான். வேல் முனை அவன் தொடை இடுக்கில் கிழித்து, அரை நிமிஷம் அதிலேயே தொங்கினான். துண்டில் சுற்றித் திருச்சுழி மாட்டாஸ்பத்திரிக்கு வண்டியில் கொண்டுபோனேன். டாக்டரம்மா தையல் போட்டுக்கொண்டே என்னைத் திட்டினார்கள். நான் யாரிடமும் வாய் மூடித் திட்டு வாங்கியவன் இல்லை, அன்றைக்கு வாங்கினேன்.

"கூர் வச்ச கேட்டு நாய் இருக்கிற வீட்டுக்கு ஆகாது. மேல மொட்டையா இருக்கணும். இவன் பின்னங்கால்ல நின்னா எட்டுற உயரத்தவிட ரெண்டடி கூட வைங்க. கம்பிக்குக் கம்பி நாலு விரக்கடைதான் விடணும். தலை நுழைஞ்சா மாட்டிக்கிட்டுக் கழுத்த முறிச்சுக்குவான். கீழயும் சந்து இருக்கக் கூடாது, சிமெண்டு போட்டுருங்க, இல்லைன்னா பறிப்பான்."

அதையெல்லாம் மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொண்டு பாளையம்பட்டிக்குப் பஸ் ஏறினேன். அங்கே பாண்டீஸ்வரன் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். சீட்டைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"நாய்க்கு இம்புட்டு வேலையாண்ணே? ஒரு செயினு போதாதா?"

"ஒன்னயக் கட்டிப்போட்டா ஒனக்கு எப்படி இருக்கும்?"

சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வேலையில் இறங்கிய பிறகு எனக்கு மேலாக அவனுக்கு ஆர்வம் வந்துவிட்டது. வீட்டுக்கே வந்து அளந்தான். வக்கீலின் தலையை நூல் பிடித்து அளந்தான், அந்த நேரம் நான் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கேட்டைத் திறக்கிற நொடியில்தான் நாய் நழுவும், அதனால் ஒரு கேட் போதாது, இரண்டு வேண்டும் என்றான். தெருவைப் பார்த்து ஒன்று. கொல்லைக்கும் முன்வாசலுக்கும் நடுவில் வலைக்கம்பி அடித்து இன்னொன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் திறக்கக் கூடாது. ஆள் வந்தால் வக்கீல் கொல்லையில் வேப்பமரத்து நிழலில் இருப்பான், வந்தவர் முன்பக்கம் நிம்மதியாக உட்காரலாம். நான் நினைத்தது அப்படியே கிடைத்தது. நாகராஜ் பிளாஸ்டிக் சேரில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பது போலவே எனக்குத் தோன்றியது.

முதலில் போட்ட கொண்டியை வக்கீல் இரண்டே நாளில் மூக்கால் தூக்கித் திறந்துவிட்டான். அதை எடுத்துவிட்டு, உள்பக்கம் என் தலை உயரத்தில் இறுக்கமான தாழ்ப்பாள் வைத்தோம். இருந்தும் கம்பி வழியே தெருவைப் பார்த்துக் குரைத்துக் குரைத்து அவனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. தையல் பிரிந்துவிடுமோ என்று எனக்குப் பயம். பாண்டீஸ்வரன்தான் வழி சொன்னான்.

"தெருவப் பாக்கிறதாலதான குலைக்கிறான்? தகரம் அடிச்சுருவோம். கண்ணுக்குத் தெரியலைன்னா பேசாமக் கெடப்பான்."

கீழிருந்து மேல்வரை, ஒரு விரல் இடுக்கு இல்லாமல் தகரம் அடித்து, பச்சைப் பெயின்ட் பூசிக் கொடுத்தான். சொன்னது போலவே வக்கீல் அடங்கிவிட்டான். நாளெல்லாம் நிழலில் காலை நீட்டித் தூங்கினான். கடைசியாகப் பாண்டீஸ்வரன் ஒன்று கேட்டான்.

"நாய்கள் ஜாக்கிரதைன்னு ஒரு போர்டு மாட்டிருவமாண்ணே?"

"வேணாம். பாக்கு வைக்க வாரவுக அதப் பாத்து மனசு சங்கடப்படுவாக" என்றேன்.

பெரிய பக்குவம் வந்துவிட்டது போல அன்றைக்கு என்னையே மெச்சிக்கொண்டேன்.

பிறகு காத்திருந்தேன். எந்த நாள் என்று தெரியாது, அதனால் எல்லா நாளும் அந்த நாள்தான். விடிந்ததும் முன்வாசல் கூட்டித் தண்ணீர் தெளித்தேன். நாலு சேரைத் துடைத்துப் போட்டேன். தினமும் அரைக் கிலோ சேவும் ரெண்டு பாட்டில் கலரும் வாங்கி வைத்தேன். சாயங்காலம் யாரும் வரவில்லை என்றானதும் சேவை நானும் வக்கீலும் பங்கு போட்டுக்கொண்டோம். பத்து நாளில் இரண்டு பேருக்கும் வயிறு கெட்டுவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எதிர் வீட்டுக் கருத்தம்மாள் அக்கா முன்பெல்லாம் நாளுக்கு ஒரு தடவையாவது படலைத் தள்ளிக்கொண்டு வரும். கொஞ்சம் வேப்பிலை, ஒரு குடம் தண்ணீர், இல்லாவிட்டால் சும்மா ஒரு பேச்சு. வக்கீல் குரைத்தால் "போலே அங்கிட்டு" என்று முந்தானையை ஆட்டும். அவனும் போய்விடுவான். கேட் வந்த பிறகு அக்கா வரவில்லை. கீரைக்காரியும் வரவில்லை. சித்திரை வெயில் யாரைத்தான் வெளியே விடும் என்று நான் நினைத்துக்கொண்டேன். என் புத்தி அப்போது வேறு பக்கம் போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பத்து பத்தரை இருக்கும். வக்கீலைக் குளிப்பாட்டிவிடலாம் என்று கொல்லையில் கம்ப்ரசர் மோட்டாரைப் போட்டேன். எங்கள் பக்கம் போர்வெல்லில் தண்ணீர் நானூறு அடிக்குக் கீழே கிடக்கிறது. அந்தக் கம்ப்ரசர் ஓடினால் பக்கத்தில் நிற்கிறவன் காதில் இடி விழுந்தாலும் கேட்காது. வக்கீல் உடம்பில் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது அவன் திடீரென்று காதைத் தூக்கி முன்வாசல் பக்கம் பார்த்தான். முனகினான். என் பிடியிலிருந்து நழுவப் பார்த்தான். தையல் போட்ட கால் வழுக்கிவிடுமே என்று கழுத்தைக் கட்டிப் பிடித்து, மோட்டார் சத்தத்துக்கு மேலே அவனுக்குக் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னேன்.

"எவன் வந்தா நமக்கென்ன? நீ எங்கிட்ட நில்லுடா ராசா. என் தங்கம்ல. எனக்கு நீ போதும்டா."

அவன் நின்றுவிட்டான். தலை துவட்டி, மோட்டாரை நிறுத்தி, உடம்பெல்லாம் ஈரத்தோடு முன்பக்கம் வந்தேன். தாழ்ப்பாளைத் தள்ளிக் கேட்டைத் திறந்தேன். தெருவில் யாரும் இல்லை. கேட்டுக்கு நேர் எதிரே மண்ணில் நிறையக் காலடி. ஒரு வெற்றிலை கிடந்தது. கருத்தம்மாள் அக்கா தன் வாசலில் உட்கார்ந்து மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தது. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"யாருக்கா வந்தா?"

"ஒந் தங்கச்சி, மாப்பிள்ளை, இன்னும் மூணு பேரு. தட்டத் தூக்கிக்கிட்டுக் கா மணி நேரம் நின்னாக."

"எனக்குச் சொல்ல வேண்டியதுதான?"

"நீ உள்ள பேசுனது தெருவுக்கே கேட்டுச்சு. வேணும்னுதான் தொறக்கலைன்னு நெனச்சேன். அண்ணன் தங்கச்சிக்குள்ள நான் என்னத்தச் சொல்ல?"

"இப்ப எங்க?"

அக்கா மிளகாய்க் கையால் கீழத்தெருவைக் காட்டியது. கீழத்தெருவில் என் சித்தப்பா மகன் வீரபாண்டி இருக்கிறான். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் வகையறாவில் எடுத்த தட்டோடு வீடு திரும்பக் கூடாது. மூத்தவன் வாசல் மூடியிருந்தால் அடுத்த அண்ணன் தம்பி வாசலுக்குத்தான் தட்டு போகும். செருப்புப் போடாமல் ஓடினேன். நான் போனபோது அவர்கள் காரில் ஏறிப் போய்விட்டிருந்தார்கள். வீரபாண்டி வீட்டு நாற்காலியில் தட்டு இருந்தது. தேங்காயின் மேல் பத்திரிகை. மஞ்சள் தடவிய ஓரம்.

"அண்ணே, நான் கேக்கல" என்றான் வீரபாண்டி. அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "வாசல்ல வந்து நின்னாக. காளியக்கா கண்ணு கலங்கியிருந்துச்சு. நான் வாங்கன்னு சொல்லிட்டேன்."

அவனைத் திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அவன் செய்ததில் ஒரு குற்றமும் இல்லை. வாசலில் வந்தவர்களை வாங்க என்று கூப்பிட்டிருக்கிறான், அவ்வளவுதான். சோப்பு காய்ந்து கை அரித்தது. வீட்டுக்குத் திரும்பி வந்து அன்றைக்கு முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை.

மறுநாள் மல்லாங்கிணற்றுக்குப் போனேன். தட்டு வாங்காத மாமன் பெண் வீட்டுப் படி ஏறக் கூடாது என்பார்கள். எனக்கு அதெல்லாம் பார்க்க முடியவில்லை. வீடும் கடையும் ஒன்றுதான். உர மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த நாகராஜ் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வாங்க மச்சான்" என்றார்.

கோபத்தில் இருந்த மனுசன், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார். நான் நேற்றுச் சொல்லாத அதே வார்த்தை. எனக்கு வெட்கமாக இருந்தது.

"மாப்பிள்ளை, நேத்து நான் கொல்லையில இருந்தேன். மோட்டாரு ஓடுச்சு. நீங்க வந்தது சத்தியமாக் கேக்கல. அந்தக் கேட்டே ஒங்களுக்காகத்தான் போட்டேன்."

"எங்களுக்காகத்தான் போட்டிருக்கீகன்னு நாங்களும் நெனச்சோம்" என்றார் அவர், மெதுவாக.

"ஐயோ, நாய்க்குப் போட்டது. ஒங்க காலுக்கு மறுபடி ஒண்ணும் ஆகிறக் கூடாதுன்னு."

"நாய்க்குன்னா ஒரு போர்டு இருக்கும். ஆள் தெரியிற மாதிரி கம்பி இருக்கும். பட்டப்பகல்ல, எந்தக் காலத்துலயும் இல்லாத பழக்கமா, சாண் இடுக்கு இல்லாம மூடிக் கெடந்தா நாங்க என்னன்னு எடுத்துக்கிறது? நாய்கூடக் குலைக்கல மச்சான். குலைச்சிருந்தா நீங்க வெளிய வருவீகன்னு நின்னுருப்போம்."

குரைக்கவிடாமல் செய்தவன் நான்தான். காளீஸ்வரி உள்ளேயிருந்து செம்பில் மோர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். மெலிந்திருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. ஒரு வருஷத்தில் ஒரு ஆள் இவ்வளவு மாறுவாளா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"நீ கேக்கலைன்னு சொல்றத நான் நம்புறேண்ணே" என்றாள். "ஆனா எனக்குக் கேட்டுச்சு."

நான் செம்பைக் கீழே வைத்தேன்.

"தட்ட ஏந்திக்கிட்டு நிக்கேன். உள்ள நீ பேசுற. எவன் வந்தா நமக்கென்ன, எனக்கு நீ போதும்டா ராசாங்கிற. நான் அண்ணே அண்ணேன்னு ரெண்டு தடவ கூப்பிட்டேன். மூணாந்தடவ கூப்பிட வாய் வரல."

"அது அவன்கிட்டச் சொன்னது, காளி."

"தெரியும். இப்பத் தெரியுது. ஆனா அங்க நிக்கயில எனக்கு வேற ஒண்ணுதான் தோணுச்சு. அண்ணனுக்கு இப்படியெல்லாம் பேசத் தெரியுமான்னு. எங்கிட்ட ஒரு நா பேசுனதில்ல. மதினிகிட்டயும் பேசி நான் கேட்டதில்ல."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். முருகலட்சுமியிடம் நான் கடைசியாகச் சொன்னது என்ன என்று யோசித்துப் பார்த்தேன். மாத்திரையை முழுங்கு என்று அதட்டியதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

உள்ளேயிருந்து பிரவீணா எட்டிப் பார்த்து, "வாங்க மாமா" என்றாள். கையில் மருதாணிக்குப் பார்க்கிற மாடல் போட்டோவோ என்னவோ செல்லில் வைத்திருந்தாள். அந்தக் கையை ஒரு நிமிஷம் பார்த்தேன். தட்டு இனிமேல் திரும்பாது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

"கல்யாணத்துக்கு வந்துருண்ணே" என்றாள் காளீஸ்வரி, வாசல் வரைக்கும் வந்து. "முன்னாடி சேரு போடச் சொல்லுறேன்."

முன்னாடி சேர் என்றால் மரியாதைதான். ஊர்ப் பெரியவர்களுக்கு, பாங்கு மேனேஜருக்கு எல்லாம் போடுவார்கள். சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் பஸ் ஏறினேன்.

வீடு வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. எக்கி மேலே கையை விட்டுத் தாழ்ப்பாளைத் தள்ளி உள்ளே வந்து, கேட்டைச் சாத்தினேன். உள் கேட்டுக்கு அந்தப் பக்கம் வக்கீல் வலைக்கம்பியில் மூக்கை வைத்து வாலை ஆட்டினான். காலையிலிருந்து பட்டினி. ஏலே வக்கீலு, வாடா ராசா என்றுதான் தினமும் சொல்வேன். அன்றைக்கு வாய் வரவில்லை. தகரத்துக்கு அந்தப் பக்கம் யாரோ தட்டை ஏந்திக்கொண்டு நிற்பது போலவே இருந்தது.

உள் கேட்டைத் திறந்துவிட்டேன். அப்படியே போய்த் தெருக் கேட்டையும் அகலத் திறந்தேன். இரண்டும் ஒன்றாகத் திறந்தது அன்றைக்குத்தான். வக்கீல் ஓடவில்லை. தையல் போட்ட காலைச் சாய்த்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றான். நாங்கள் இரண்டு பேரும் தெருவைப் பார்த்தோம். காலடியெல்லாம் காற்றில் கலைந்துவிட்டது.

"வாங்க" என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து எப்படி வருகிறது என்று பார்ப்பதற்காகத்தான் சொன்னேன். கரகரவென்று வந்தது.

எதிர் வாசலில் வத்தலை அள்ளிக்கொண்டிருந்த கருத்தம்மாள் அக்கா நிமிர்ந்து பார்த்தது.

"என்னயவா கூப்பிட்ட, தம்பி?"

இல்லை என்றுதான் வாய் வந்தது.

"ஆமாக்கா" என்றேன்.